எட்டாவது வெற்றி

1939 ஜனவரி 15, தோக்கியோவின் ரியோகொகு அரங்கு. சுமோ தொடரின் நான்காம் நாள். மூன்று ஆண்டுகளாகத் தோல்வியே காணாத, சுமோவின் உச்சப் படியான யொகோசுனா தகுதியில் இருந்த ஃபுதபயாமாவுக்கு எதிரே, அதுவரை அவரோடு மோதியே இராத அகினோஉமி என்ற இளம் மல்லர். இருவரும் பிடித்துக்கொண்ட சற்று நேரத்தில் அகினோஉமியின் கால் வெளிப்புறமாக வந்து கொக்கி போட்டது. யொகோசுனா மண்ணில் சரிந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் உட்கார்ந்திருந்த மெத்தைகளை எடுத்து வீசினார்கள். வரிசையாக 69 வெற்றிகள், எழுபதாவது வரவில்லை.

சாக்குச் சொல்ல அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய ஆண்டு மஞ்சூரியச் சுற்றுப்பயணத்தில் அமீபா வயிற்றுக்கடுப்பு வந்து உடம்பு இளைத்திருந்தது. சிறுவயதிலேயே வலது கண்ணில் பார்வை போயிருந்தது. களத்தில் இருந்த காலம் முழுக்க அதை அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தோற்றவர் வழக்கம்போல் வணங்கிவிட்டு இறங்கிப் போனார். பிறகு, தான் மதித்த சிந்தனையாளர் யசுவோக்கா மசஹிரோவுக்கு ஒரு தந்தி அனுப்பினார். தான் இன்னும் மரச்சேவல் ஆகவில்லை என்பதுதான் அதன் செய்தி. அடுத்த இரண்டு நாளும் தோற்றார். 13 நாள் தொடர் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி என்று முடிந்தது.

மரச்சேவல் சீன ஞானி ஜுவாங்சியின் பெயரால் வழங்கும் நூலில் வரும் கதை. அரசனுக்காக ஒருவன் சண்டைச் சேவல் பழக்குகிறான். பத்து நாள் கழித்து, தயாரா என்று அரசன் கேட்கிறான். இல்லை, வீறாப்புத்தான் இருக்கிறது என்கிறான் அவன். இன்னும் பத்து நாள்: வேறு சேவல் கூவினால், அதன் நிழல் தெரிந்தால், இது சிலிர்க்கிறது. இன்னும் பத்து நாள்: பார்வையில் கோபம் போகவில்லை. நாற்பதாவது நாள்தான் அவனுக்குத் திருப்தி. எந்தச் சேவல் கூவினாலும் இது அசையவில்லை. மரத்தில் செதுக்கியதுபோல் நிற்கிறது. மற்றவை இதைக் கண்டதும் திரும்பி ஓடுகின்றன.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அமைதியின் பெருமையைப் பேசி முடித்துவிடுவார்கள். கதையில் ஓர் அரசன் இருப்பதை மறந்துவிடுவார்கள். அவனுக்கு வேண்டியது ஞானம் பெற்ற சேவல் அல்ல, ஜெயிக்கிற சேவல். வெற்றி தோல்வியைப் பற்றிய நினைப்பே இல்லாத நிலைக்கு அந்தப் பறவையைக் கொண்டுபோவது, அது வெல்ல வேண்டும் என்பதற்காக. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்ற கீதையின் சொல் தமிழ் வாசகருக்கு இங்கே நினைவுக்கு வரும். அர்ச்சுனன் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு போனது ஒரு போருக்கு. சுமோ மல்லருக்கு இந்தச் சோதனை ஆண்டுக்கு 90 நாள்.

வெல்வதையே தொழிலாகக் கொண்டவன் தன் வெற்றிகளை எண்ணாமல் இருக்க முடியுமா? அவன் எண்ணவில்லை என்றால், அந்தக் கணக்கை யார் வைப்பது?

இரண்டாவது கேள்விக்கு விடை சுலபம். ரசிகர் வைக்கிறார். சுமோ ரசிகரைப்போல் கணக்கு வைக்கிற ரசிகர் வேறு விளையாட்டில் குறைவு. ஒற்றைப்படை மாதங்களில் ஆண்டுக்கு ஆறு தொடர்கள்: ஜனவரி, மே, செப்டம்பரில் தோக்கியோ, மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோக்கா. ஒவ்வொன்றும் 15 நாள். மேல்தட்டில் 42 மல்லர்கள், அதற்கு அடுத்த ஜூர்யோவில் 28 பேர். இந்த இரண்டு பிரிவினரும் நாள்தோறும் மோத வேண்டும். வெற்றிக்கு வெள்ளை வட்டம், தோல்விக்குக் கறுப்பு வட்டம். இரண்டையும் நட்சத்திரம் என்றே சொல்வார்கள். நாளேடுகளில் இந்த வட்டங்கள் நாளுக்கு ஒரு கட்டமாக நீண்டுகொண்டே போகும். அரங்கில் கொடுக்கும் மோதல் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவால் ஒவ்வொன்றாக வட்டம் போடுகிற முதியவர்களை அங்கே காலையிலேயே பார்க்கலாம். அந்த நேரத்தில் கூடத்தில் முக்கால்வாசி இருக்கைகள் காலி. களத்தில் இருப்பவர்கள் பெயர் தெரியாத பையன்கள். பேனா மட்டும் நிற்காது.

எட்டு என்ற எண்தான் இந்தக் கணக்கின் அச்சாணி. 15 மோதலில் எட்டு வென்றால் ஏற்றம். எட்டுத் தோற்றால் இறக்கம். சாம்பியன் பட்டத்தைப் பற்றிக் கனவே காணாத மல்லர்கள்தான் பெரும்பான்மை. அவர்களுக்கு ஒவ்வொரு தொடரும் இந்த எட்டைத் தேடி ஓடுகிற ஓட்டம். முடிவுகளைக் கொண்டு புதிய தரவரிசைத் தாள், பன்சுகே, தயாராகும். நடுவர்களில் ஒருவர் தூரிகையால் கையால் எழுதுவார். அதைச் சுருக்கி அச்சடிப்பார்கள். உச்சியில் யொகோசுனாக்களின் பெயர்கள் தடித்துக் கறுத்து இருக்கும். கீழே வரவர எழுத்து மெலியும். ஆகக் கீழே இருக்கும் ஜோனோகுச்சிப் பிரிவின் பெயர்களைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும் என்பதால், அந்த மல்லர்களுக்கே பூதக்கண்ணாடி என்று கேலிப் பெயர் உண்டு.

இந்தத் தாளுக்குப் பழைய பெருமை தெரியாது. தெருனோஃபுஜி 2015இல் பட்டம் வென்று ஓசெக்கி ஆனவர். அதற்கு மேல் யொகோசுனா மட்டுமே. முழங்கால்கள் போயின, நீரிழிவு வந்தது. 2019 மார்ச்சில், கீழிருந்து இரண்டாம் பிரிவான ஜோனிதானின் 48ஆம் இடத்தில் அவர் பெயர் மெல்லிய எழுத்தில் வந்தது. ஓய்வு பெறுகிறேன் என்று பலமுறை கேட்டும் அவருடைய ஆசான் விடவில்லை. 2020 ஜூலையில் மேல்தட்டின் அடிக்கு வந்து அந்தத் தொடரையே வென்றார். 2021இல் 73ஆவது யொகோசுனா ஆனார். யொகோசுனாவாக உயர்ந்தபோதும் அதற்கு முந்தைய தொடர்களின் வட்டங்களைத்தான் பார்த்தார்களே தவிர, அவர் பட்ட பாட்டுக்கு மதிப்பெண் தரவில்லை. வினைப்பயன் என்ற சொல்லை ஒரு நிர்வாக அலுவலகத்திடம் ஒப்படைத்தால் அது இப்படித்தான் நடத்தும்.

இத்தனை எண்ணிக்கைக்கு நடுவே மல்லரிடம் போய் ஒலிவாங்கியை நீட்டினால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு மோதல். பத்து நாள் தோற்காமல் முன்னணியில் நிற்கிறவரும் அதையே சொல்வார். பட்டத்தைப் பற்றி நினைக்கிறீர்களா என்றால் பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் அதையே சொல்வார். இதைச் சலிப்பான பேச்சு என்று ரசிகர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அதில் ஒரு வேலைப் பங்கீடு இருக்கிறது. எண்ணுவது ரசிகரின் வேலை. எண்ணாமல் இருப்பது மல்லரின் வேலை. ரசிகர் எண்ணுவதால்தான் மல்லர் எண்ணத் தேவையில்லை. சுமோவின் மரியாதை முழுவதும் இந்த ஏற்பாட்டின்மேல்தான் நிற்கிறது. அது கெட்ட இடங்களில்தான் சுமோவும் கெட்டிருக்கிறது.

வென்றது யார் என்பதே சடங்கின் பக்கம் இருந்து பார்த்தால் அவ்வளவு தெளிவாக இல்லை. தொடர் தொடங்குவதற்கு முதல் நாள், தலைமை நடுவர் ஷிந்தோ பூசாரியின் உடையில் களத்தின் நடுவே அமர்ந்து மண்ணுக்குள் படையல் புதைக்கிறார்: கழுவிய அரிசி, உப்பு, உலர்ந்த கஷ்கொட்டை, காயா மரத்தின் கொட்டை, கடற்பாசி, கணவாய்க் கருவாடு. 15 நாள் தெய்வங்கள் அந்த 4.55 மீட்டர் வட்டத்தில் குடியிருக்கின்றன. கடைசி நாள் மாலை வழியனுப்பி வைக்கிறார்கள். யொகோசுனா இடுப்பில் கட்டும் வெள்ளைக் கயிறு கோயில் வாசலில் கட்டும் கயிற்றின் இனம். அதில் தொங்கும் காகிதமும் அப்படியே. களத்தில் ஏறுகிறவருக்கு வாய் கொப்பளிக்கும் நீரைக் கொடுப்பது, அவர் பக்கத்தில் சற்று முன் வென்றவர். தோற்றவர் அதைத் தொடுவதில்லை, பேசாமல் இறங்கிப் போய்விட வேண்டும். பெண்கள் அந்த மண்ணில் ஏறக்கூடாது என்ற தடையையும் இதே புனிதத்தின் பெயரால்தான் காக்கிறார்கள். 2018இல் மைசுரு நகரில் சுற்றுப்பயண நிகழ்ச்சியின்போது மேயர் களத்திலேயே மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடி ஏறிய பெண்களை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமோ சங்கத்தின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். எந்தத் தெய்வமும் இதைக் கேட்டிருக்காது.

இந்தச் சடங்குலகத்தின் ஆகப் பழைய வடிவங்களில் ஒன்று எஹிமே மாநிலத்து ஓமிஷிமா தீவில், ஓயமசுமி கோயிலில் இருக்கிறது. அதைத் தனியாள் சுமோ என்பார்கள். கச்சை கட்டிய ஒருவர் களத்தில் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு மோதுகிறார். எதிரி நெல்லின் ஆவி. அவர் காற்றைப் பிடித்து முட்டுகிறார், தள்ளுகிறார், தள்ளாடுகிறார், கடைசியில் தூக்கி எறியப்பட்டவர்போல் விழுகிறார். மூன்று ஆட்டம். முடிவு எப்போதும் இரண்டுக்கு ஒன்று. ஆவிதான் வெல்ல வேண்டும், வென்றால்தான் விளைச்சல். நடவுத் திருவிழாவிலும் அறுவடைத் திருவிழாவிலும் இது நடக்கிறது. முடிவு முன்பே தெரியும் என்பதற்காக அந்த மனிதர் பாதி பலத்தோடு ஆடுவதில்லை. வியர்வை சொட்டச் சொட்டத் தோற்கிறார். நடுவிலே ஓர் ஆட்டத்தை அவருக்கு விட்டுக்கொடுத்திருப்பதுதான் அழகு. சுத்தமாகத் தோற்றால் அது சண்டையாகவே இருக்காது அல்லவா.

தொழில்முறைச் சுமோவில் முடிவு முன்பே தெரிந்தால் அதற்குப் பெயர் மோசடி. ஆனாலும் அங்கே போடுகிற வட்டம் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. 1972 ஜனவரித் தொடரின் எட்டாம் நாள் யொகோசுனா கிதனோஃபுஜியும் தகனோஹனாவும் மோதினார்கள். கிதனோஃபுஜியின் கைதான் முதலில் மண்ணைத் தொட்டது. களத்து நடுவர் தகனோஹனா வென்றதாகக் காட்டினார். கீழே அமர்ந்திருந்த தீர்ப்பாளர்கள் கூடிப் பேசி அதை மாற்றினார்கள். தகனோஹனா அந்தக் கணத்தில் மீள வழியில்லாமல் சாய்ந்துவிட்டார். சுமோ வழக்கில் அது செத்த உடல். கீழே கிடப்பவர் நசுங்காமல் இருக்க ஊன்றிய கை, தோற்ற கை ஆகாது. மண்ணைத் தொட்டவர் வென்றார், தொடாதவர் தோற்றார். எது நடந்தது என்பதைவிட எது முடிந்துபோனது என்பதைப் பார்த்துத் தீர்ப்பு. கிதனோஃபுஜி சரியா தகனோஹனா சரியா என்ற வழக்கு ரசிகர்களிடையே பிறகும் ஓயவில்லை.

முன்னொரு காலத்தில் தீர்மானிக்க முடியாததைத் தீர்மானிக்காமலே விடுகிற நேர்மையும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் களம் இறங்கிய ரைடன் தமேயெமோன் 254 வெற்றி, 10 தோல்வி என்ற கணக்கோடு ஓய்வு பெற்றவர். அவருடைய கணக்கில் இன்னொரு வகையும் உண்டு: இருவரும் சமமாக விழுந்து சர்ச்சையானபோது, முடிவை நடுவரே வாங்கி வைத்துக்கொண்ட மோதல்கள், பதினான்கு. வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. இப்போது அந்த வசதி கிடையாது. சந்தேகம் என்றால் மறுபடி மோதவைப்பார்கள். வட்டம் ஏதாவது ஒரு நிறத்தில் விழுந்தே ஆக வேண்டும்.

அப்படி விழுந்த வட்டங்களில் மிகவும் அநியாயமானது 1969 மார்ச்சில், ஒசாகா தொடரின் இரண்டாம் நாள் விழுந்தது. யொகோசுனா தைஹோ அப்போது வரிசையாக 45 வென்றிருந்தார். எதிரி தோதா. இருவரும் விளிம்பில் திணறியபோது தோதாவின் கால் முதலில் வட்டத்துக்கு வெளியே போனது. நடுவர் தைஹோவின் பக்கம் கை காட்டினார். தீர்ப்பாளர்கள் கூடி அதை மாற்றி, தோதா வென்றதாக அறிவித்தார்கள். மறுநாள் செய்தித்தாள்களில் வந்த படத்தில் தோதாவின் பாதம் வெளியே இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. நாடே கொதித்தது. தைஹோ கொதிக்கவில்லை. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிற மாதிரி மோதியது யொகோசுனாவின் தவறு என்று சொல்லிவிட்டார். அடுத்த மே தொடரிலிருந்து தீர்ப்பாளர்களுக்கு ஒளிப்பதிவைப் பார்க்கும் வசதி வந்தது. தைஹோவின் அந்தக் கறுப்பு வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 45 தான் கணக்கு. மரச்சேவலைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் சுமோ வரலாற்றில் அந்தச் சேவலுக்கு ஆகக் கிட்டே போனவர் அன்றைய தைஹோதான்.

தைஹோ 32 பட்டங்களோடு நிறுத்தினார். அதைத் தாண்டி 45 பட்டம், 1187 வெற்றி என்று போனவர் மங்கோலியாவிலிருந்து வந்த ஹகுஹோ. 2010இல் 63 வெற்றிகள் வரிசையாக வென்று, ஃபுகுவோக்காவில் கிசெனோசாத்தோவிடம் தோற்றார். ஃபுதபயாமாவின் மோதல்களை ஆழ்ந்து படித்தவர், அவரை முன்மாதிரியாகக் கொண்டவர். ஆனால் 2017 நவம்பரில் யொஷிக்காசேவிடம் தோற்றபோது, தொடக்கம் சரியில்லை என்று கையை உயர்த்தி, களத்துக்குக் கீழே ஒரு நிமிடத்துக்கும் மேல் நின்றுகொண்டே இருந்தார். தோல்வியை ஏற்றுத் தலைகுனிய மனம் வரவில்லை. பெரிய கண்டனம் வந்தது. அவருடைய கன்னத்து அறைகளையும் முழங்கை இடிகளையும் பற்றி முன்பே முணுமுணுப்பு இருந்தது. யொகோசுனாவுக்கு வலிமை மட்டும் போதாது, மாண்பும் வேண்டும் என்பது யொகோசுனா ஆலோசனைக் குழுவின் எழுதப்பட்ட நிபந்தனை.

ஹகுஹோ அன்று செய்தது தவறுதான். ஆனால் 33, 34, 40 என்று ஒவ்வொரு பட்டத்தையும் தலைப்புச் செய்தியாக்கி, அடுத்த எண் எப்போது என்று பத்து ஆண்டுகள் அவர் காதருகே எண்ணிக்கொண்டே இருந்தவர்கள், அவர் எண்ணத் தொடங்கியதும் முகம் சுளித்தது நியாயமில்லை. ரசிகர் தன் வேலையை மல்லரின் காதில் விழும்படி செய்தால் பங்கீடு குலையும்.

எண்ணாமல் இருக்கும் ஆசை அளவுக்கு மீறினாலும் ஆபத்து உண்டு என்பதற்கு ஃபுதபயாமாவே சாட்சி. தோற்ற போரின் இறுதியில், 1945இல் ஓய்வு பெற்றவர், வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்றைத் தேடி ஜிக்கோசோன் என்ற பெண் தீர்க்கதரிசியின் சிறு சமயக் குழுவில் சேர்ந்தார். கோ ஆட்டத்தின் மேதை கோ செய்கென் கூட அந்தக் குழுவில் இருந்தார். 1947 ஜனவரியில் கனசாவாவில் காவல்துறை அந்த வீட்டுக்குள் புகுந்தபோது, தலைவியைக் காக்க முன்னாள் யொகோசுனா காவலர்களோடு மல்லுக்கு நின்று கைதானார். செய்தித்தாள்களுக்குத் தீனி. சீக்கிரமே குழுவை விட்டு விலகினார். பத்து ஆண்டு கழித்து, 1957இல் சுமோ சங்கத்தின் தலைவராகி, 1968இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். களத்துக்குள் மரச்சேவலைத் தேடியவருக்கு அங்கே அது கிடைக்கவில்லை. வெளியே தேடப் போய்ப் போலிச் சாமியிடம் அகப்பட்டார். எண்ணிக்கையோடு கட்டுண்ட வாழ்க்கையில் எண்ணாமை என்பது தினசரிப் பயிற்சியாக இருக்கலாம். ஒருநாள் போய்ச் சேர்கிற ஊராக இருக்க முடியாது.

இதன் மறுமுனையில் ஹத்தோரிசகுரா. 2015இல் சேர்ந்த மெலிந்த இளைஞர். ஆகக் கீழான ஜோனோகுச்சியைத் தாண்டி ஏறவே இல்லை. அங்கே தொடருக்கு ஏழு மோதல்தான். 2019 ஜனவரியில் ஒரு வெற்றி கிடைப்பதற்குள் தொடர்ச்சியாக 89 தோல்விகள் ஆகியிருந்தன. 2021இல் வெளியேறியபோது மொத்தம் மூன்றே வெற்றிகள். தோல்விகள் 230ஐத் தாண்டியிருந்தன. காலையில் காலி அரங்கில் அவர் பெயரைக் கூப்பிட்டவுடன் கைதட்டல் எழும். பரிதாபத்துக்காகத் தட்டியவர்களும் வேடிக்கைக்காகத் தட்டியவர்களும் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. என்றாலும், எட்டு என்ற எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் ஆறு ஆண்டு உப்பும் புழுதியுமான அந்த வாழ்க்கையில் தங்கியிருந்தார். அவருடைய கறுப்பு வட்டங்களையும் ரசிகர்கள் ஹகுஹோவின் வெள்ளை வட்டங்களைப்போலவே ஒன்று விடாமல் குறித்து வைத்தார்கள். கணக்கு வைப்பதில் உள்ள ஒரே அன்பு அதுதான்: எவரையும் விட்டுவிடாமல் எழுதுவது.

அந்தக் கணக்கே ஒருநாள் காட்டிக்கொடுக்கவும் செய்தது. பொருளியலாளர்கள் மார்க் டக்கனும் ஸ்டீவன் லெவிட்டும் 1989 முதல் 2000 வரையிலான மோதல் முடிவுகளை அலசி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நாளுக்கு ஏழு வெற்றி, ஏழு தோல்வி என்று வருகிறவருக்கு எட்டாவது வெற்றி உயிர். ஏற்கெனவே எட்டு வென்றுவிட்ட எதிரிக்கு அந்த மோதல் அவ்வளவு முக்கியமில்லை. இப்படிப்பட்ட இருவர் மோதினால், அவர்களுடைய பழைய கணக்கின்படி ஏறத்தாழப் பாதிதான் முதலாமவர் வெல்ல வேண்டும். ஏறத்தாழ 80 சதவீதம் வென்றிருந்தார். உயிரைக் கொடுத்து மோதியிருப்பார் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே இருவர் அடுத்த முறை மோதியபோது அவருடைய வெற்றி 40 சதவீதமாக இறங்கியிருந்தது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது கணக்கு. சங்கம் மறுத்தது. 2011இல், பேஸ்பால் சூதாட்ட விசாரணைக்காகக் காவல்துறை எடுத்துப்போன கைப்பேசிகளில் குறுஞ்செய்திகள் கிடைத்தன: எந்தப் பக்கம் விழுவது, எவ்வளவு பணம் என்பதுவரை. அந்த ஆண்டின் மார்ச் தொடரே ரத்தானது. 1946க்குப் பிறகு ஒரு தொடர் ரத்தானது அதுதான் முதல்முறை. மே மாதத் தொடரைக் கோப்பை இல்லாமல், நுழைவுக் கட்டணம் இல்லாமல், பரிசோதனை என்ற பெயரில் நடத்தினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள்.

வெளியேறியவர்களைப் பார்த்து ஆன்மா கெட்டுப்போனவர்கள் என்று பேசியவர்கள் அப்போது நிறையப் பேர். சிக்கியவர்களில் பலர் ஜூர்யோ மல்லர்கள் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. ஜூர்யோவில் இருக்கும்வரை இன்றைய கணக்கில் மாதம் 11 லட்சம் யென் சம்பளம், தனி அறை, பணிவிடைக்கு இளையவர்கள், பயிற்சியில் கட்ட வெள்ளைக் கச்சை. ஒரு படி கீழே மகுஷிதாவுக்கு விழுந்தால் சம்பளம் கிடையாது. தொடருக்கு 1,65,000 யென் படிக்காசு, கறுப்புக் கச்சை, பொது அறையில் படுக்கை, நேற்றுவரை தனக்குத் தண்ணீர் எடுத்து வைத்தவனோடு சேர்ந்து பெருக்கித் துடைக்கும் வேலை. தங்கிப் பயிலும் கூடத்தில் சோறு உண்டு என்பது மட்டும்தான் ஆறுதல். 30 வயதில், மனைவி குழந்தையோடு இருப்பவர் கடைசி நாள் ஏழுக்கு ஏழு என்று களத்தில் ஏறினால், அவர் மனம் மரமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அரசனுக்கு மட்டும்தான் துணிவு வரும்.

பணம் வாங்கிக்கொண்டு விழுந்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் குற்றவாளிகளை அனுப்பியதோடு சங்கம் தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டது. கைப்பேசிக்குக் கட்டுப்பாடு வந்தது, கண்காணிப்பு வந்தது. ஜூர்யோவின் கடைசி இடத்துக்கும் மகுஷிதாவின் முதல் இடத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. மகுஷிதாவின் மேல்வரிசையில் இருக்கும் ஓர் இருபது பேருக்காவது சிறிய மாதச் சம்பளம் தரச் சங்கத்துக்கு வசதி இல்லாமல் இல்லை. அரங்கு நிறைகிறது, விளம்பரப் பணம் உறை உறையாகக் களத்திலேயே கைமாறுகிறது. அதைச் செய்யாதவரை, எட்டாவது வெற்றியை எண்ணாதே என்று அந்த மல்லர்களுக்குப் போதிக்கச் சங்கத்துக்கு யோக்கியதை இல்லை.